ரொறன்ரோவில் முதல் வீடு: எவ்வளவு மோட்கேஜ் தாங்கும்?

கனடாவுக்கு வந்து இரண்டு, மூன்று வருடம் போனதும் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு எழும்: "எங்கட சம்பளத்துக்கு பாங்க் எவ்வளவு தரும்?" இதற்கு எந்த மோட்கேஜ் (வீட்டுக் கடன்) முகவரும் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். இன்றைய வட்டியில் அது குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானத்தின் நாலு மடங்குக்குக் கிட்ட வரும். பிள்ளைகளும் காரும் ஊருக்கு அனுப்பும் காசும் உள்ள குடும்பத்துக்கு மூன்று மடங்கைத் தாண்டினாலே கை இறுகத் தொடங்கும் என்பது எங்கள் கணிப்பு. இடையில் உள்ள அந்த ஒரு மடங்கில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

முதலில் வங்கி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்ப்போம். இருபது வீதத்துக்குக் குறைவான டவுன் பேமண்டுடன் (கையிலிருந்து கட்டும் முற்பணம்) வாங்கினால் கடனைக் காப்புறுதி செய்தாக வேண்டும். சி.எம்.எச்.சி. (மத்திய அரசின் வீட்டுக் கடன் காப்புறுதி நிறுவனம்) போன்ற காப்புறுதி நிறுவனங்கள் இரண்டு வரம்பு வைத்திருக்கின்றன. ஜி.டி.எஸ். என்பது மோட்கேஜ் தவணை, சொத்து வரி, வெப்பமூட்டும் செலவு, கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் பராமரிப்புக் கட்டணத்தில் பாதி. இவையெல்லாம் சேர்ந்து வரி பிடிக்கும் முன் உள்ள வருமானத்தில் 39 வீதத்தைத் தாண்டக் கூடாது. டி.டி.எஸ். என்பது அதோடு கார் லோன், கிரெடிட் கார்ட் பாக்கி, மாணவர் கடன் எல்லாவற்றையும் சேர்த்து 44 வீதம். தவணையையும் உங்களுக்குக் கிடைத்த வட்டியில் கணக்கிட மாட்டார்கள். அதற்கு மேல் இரண்டு வீதம் கூட்டியோ 5.25 வீதத்திலோ, எது கூடவோ அதில் கணக்கிடுவார்கள். இதைத்தான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்கிறார்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கு 60,000 டொலர், மொத்தம் 120,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10,000. அதில் 39 வீதம் 3,900. பார்க்கும் கொண்டோவுக்கு மாதச் சொத்து வரி 280, ஹீட்டிங் 100, பராமரிப்புக் கட்டணம் 600 என்றால் வங்கி கழிப்பது 280, 100, 300, ஆக 680. தவணைக்கு மிஞ்சுவது 3,220. வட்டி 4.5 வீதம் கிடைத்தால் சோதனை வட்டி 6.5. இருபத்தைந்து வருடத்துக்கு ஒவ்வொரு இலட்சக் கடனுக்கும் மாதம் 670 டொலர் ஆகும். அப்படியானால் உச்சக் கடன் ஏறத்தாழ 480,000.

இனி கைக்கு வரும் காசைப் பாருங்கள். இந்த இருவருக்கும் வரி, சி.பி.பி. (ஓய்வூதியப் பிடிப்பு), ஈ.ஐ. (வேலையிழப்புக் காப்புறுதி) எல்லாம் போய் மாதம் சுமார் 7,700 வரும். ஒருவரே 120,000 உழைத்தால் 7,200 அளவுதான் வரும், ஏனென்றால் வரி வீதம் ஏறிவிடும். வங்கிக்கு இரண்டு குடும்பமும் ஒன்றுதான்.

அரை மில்லியனுக்கு ஒரு கொண்டோ எடுக்கிறீர்கள். பத்து வீதம், 50,000 கட்டினால் கடன் 450,000. அதன் மேல் காப்புறுதிப் பிரீமியம் 3.10 வீதம், 13,950 டொலர், கடனோடேயே சேர்ந்துவிடும். (இந்தக் காப்புறுதி வங்கிக்கான பாதுகாப்பு. நீங்கள் தவணை கட்டாவிட்டால் வங்கிக்கு வரும் நட்டத்துக்கு அது பொறுப்பு. உங்களுக்கு ஒன்றும் தராது.) மொத்தம் 463,950. வங்கியின் வரம்புக்குள்ளேயே நிற்கிறது. 4.5 வீதத்தில் தவணை 2,568. இதோடு வரி 280, கொண்டோ கட்டணம் முழு 600, ஹீட்டிங் 100, வீட்டுக் காப்புறுதி 40 என்றால் மாதம் 3,588. கைக்கு வரும் காசில் 46 வீதத்துக்கு மேல். வங்கி பாதியாக எண்ணிய கட்டணத்தை நீங்கள் முழுசாகக் கட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

மிச்சம் 4,100. அதற்குள் சாப்பாடு, இரண்டு கார்க் காப்புறுதி, பெற்றோல், ஃபோன், பிள்ளையின் டேகேர். பிறகு வங்கி ஒருநாளும் கேட்காத செலவுகள்: ஊருக்கு மாதா மாதம் அனுப்புவது, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, அம்மா அப்பாவைச் சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டநாள் தங்கும் விசா) அழைத்தால் அவர்களின் மருத்துவக் காப்புறுதி, கலியாணவீடு, சாமத்தியவீடு என்று கொடுக்க வேண்டிய அன்பளிப்பு. இவற்றையெல்லாம் எழுதிப் பார்த்தால் 4,100 எங்கே போனது என்று தெரியும்.

அதனால் நாங்கள் சொல்வது, வீட்டுச் செலவு முழுவதும் கைக்கு வரும் காசில் 40 வீதத்துக்குள் இருக்கட்டும். இந்தக் குடும்பத்துக்கு அது 3,080. அதில் வரி, கட்டணம் போன்ற 1,020 போக மிஞ்சும் 2,060இல் ஏறத்தாழ 370,000 கடன்தான் கட்ட முடியும். மொத்த வருமானத்தின் மூன்று மடங்குக்குச் சற்று மேல். அந்த விலைக்கு நினைத்த இடத்தில் வீடு கிடைக்காது என்பது உண்மைதான். அப்போது கூட்ட வேண்டியது டவுன் பேமண்டை.

தவணை குறையும் என்று முப்பது வருடத்துக்கு எடுக்கச் சொல்வார்கள். 2024 டிசம்பர் 15இலிருந்து முதல் வீடு வாங்குபவர்களுக்குக் காப்புறுதிக் கடனிலும் அது கிடைக்கிறது, பிரீமியம் 0.20 வீதம் கூடும். மேலே சொன்ன கடனுக்கு மாதம் 224 டொலர் குறையும். வட்டி அப்படியே இருந்தால் முடிவில் 73,000 அளவு கூடக் கட்டியிருப்பீர்கள். டேகேர் செலவு உள்ள சில வருடங்களுக்கு மூச்சுவிட எடுத்து, பிறகு முன்கூட்டிக் கட்டிக் குறைக்கலாம் என்றால் சரி. பெரிய வீட்டுக்குத் தகுதி பெறுவதற்காக எடுத்தால் அந்தச் சலுகை விற்பவரின் கைக்குத்தான் போகிறது.

இங்கே மோட்கேஜ் இருபத்தைந்து வருடம் என்றாலும் வட்டி பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான் உறுதி. கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 வீதம், 2023 ஜூலையில் 5 வீதம். மாறும் வட்டியில் எடுத்தவர்கள் அந்தப் பதினெட்டு மாதத்தில் பட்ட பாட்டை ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் 463,950 ஐந்து வருடத்தில் 407,000 ஆகக் குறைந்திருக்கும். அப்போது வட்டி 6.5 ஆனால் தவணை 2,568இலிருந்து 3,016. அந்த 450 டொலருக்கு இப்போதே இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கைக் குழப்புபவை

கார்தான் முதலாவது. இரண்டு வரம்புக்கும் இடையில் உள்ளது ஐந்து வீதம், இந்தக் குடும்பத்துக்கு மாதம் 500 டொலர். கார்த் தவணை 600, கிரெடிட் கார்டில் 10,000 பாக்கி இருந்தால் (அதில் 3 வீதத்தை மாதத் தவணையாக எண்ணுவார்கள், 300) மொத்தம் 900. 500ஐத் தாண்டிய 400க்கு உச்சக் கடன் 60,000 அளவு விழுந்துவிடும். முன் அனுமதி வாங்கியபின் புது எஸ்.யூ.வி. எடுத்து, குளோசிங்குக்கு (வீடு உங்கள் கைக்கு மாறும் நாள்) முந்திய வாரம் வங்கி கைவிரித்த கதைகள் பல உண்டு. கடைசி நேரத்தில் கிரெடிட்டை மறுபடி பார்ப்பார்கள். சாவி கையில் வரும்வரை எதிலும் புதுக் கடனுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது டவுன் பேமண்ட் எங்கிருந்து வந்தது என்பது. மூன்று மாத வங்கி விவரம் கேட்பார்கள். சீட்டெடுத்த காசைக் கையில் வாங்கி மொத்தமாகப் போட்டால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஆகவே குறைந்தது நாலு மாதம் முந்தியே கணக்கில் இருக்கட்டும். பெற்றோரோ சகோதரரோ தந்தால் அது திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று கடிதம் வேண்டும். கைமாற்றாக வாங்கிய காசுக்கு அன்பளிப்புக் கடிதம் கொடுப்பது பொய்ச் சான்று. அதோடு அந்தக் கைமாற்றுத் தவணை மேலே போட்ட எந்தக் கணக்கிலும் இல்லை.

வருமானம் போதாது என்று மச்சானின் பெயரைச் சேர்ப்பதும் உண்டு. மச்சான் நாளைக்குத் தனக்கு வீடு வாங்கப் போகும்போது உங்கள் முழுக் கடனும் அவர் கணக்கில் நிற்கும். அவர் ஏற்கெனவே வீடு வைத்திருந்து உங்கள் வீட்டு உறுதியிலும் (சொத்துப் பத்திரம்) பெயர் ஏறினால், முதல் வீட்டுக்கான நில மாற்று வரிச் சலுகையில் அவர் பங்குக்குரியது போய்விடும். சம்பளக் கடிதத்தைக் கூட்டி எழுதித் தருகிறோம் என்பவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி, பின்னால் மாட்டுவது கையெழுத்து வைத்தவர்.

பேஸ்மென்ட் வாடகையை நம்பித் தனிவீடு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநகர அனுமதி பெற்ற தனிக் குடியிருப்பு என்றால் வாடகையில் ஒரு பகுதியை வங்கி எண்ணும். அனுமதி இல்லாதது என்றால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தீப்பிடித்தால் காப்புறுதியும் சிக்கலாகும். எப்படியும் வருடத்துக்குப் பத்து மாத வாடகை என்றே எழுதுங்கள்.

கையில் இருக்க வேண்டிய காசு

குறைந்தபட்ச டவுன் பேமண்ட் முதல் 500,000க்கு 5 வீதம், அதற்கு மேல் ஒன்றரை மில்லியன் வரை 10 வீதம். அதைத் தவிர, குளோசிங் செலவுக்கு விலையில் ஒன்றரை வீதம் தனியாகக் காட்டச் சொல்வார்கள். 500,000 கொண்டோவுக்கு அது 7,500. உண்மையில் எவ்வளவு ஆகும்? ஒன்ராறியோ நில மாற்று வரி 6,475, முதல் வீட்டுச் சலுகை 4,000 போக 2,475. ரொறன்ரோ எல்லைக்குள் என்றால் மாநகரமும் இன்னொரு 6,475 கேட்கும். 4,475 சலுகை போக 2,000. மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ இந்த இரண்டாவது வரி இல்லை. காப்புறுதிப் பிரீமியத்துக்கு 8 வீத மாகாண வரி 1,116. பிரீமியத்தைப் போல இதைக் கடனில் சேர்க்க முடியாது. லோயருக்கு 2,000 அளவு. நில மாற்று வரிச் சலுகைகளுக்கு நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ தேவை.

வாங்குவதற்கு முன் ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். இப்போது வாடகை 2,200, வரப்போகும் செலவு 3,588 என்றால் வித்தியாசம் 1,388ஐச் சம்பளம் வந்த அன்றே எடுத்து ஒதுக்குங்கள். ஒதுக்குவதை எஃப்.எச்.எஸ்.ஏ. (முதல் வீட்டுக்கான சேமிப்புக்) கணக்கில் போடலாம். ஆளுக்கு வருடம் 8,000, வாழ்நாளில் 40,000. போடும் காசுக்கு வருமானவரி குறையும், முதல் வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. கணக்கைத் திறந்த வருடத்திலிருந்துதான் இடம் சேரும் என்பதால் காசு இல்லாவிட்டாலும் இருவரும் இப்போதே திறந்து வையுங்கள். மூன்றாம் மாதமே அந்த 1,388ஐ எடுத்துக் கார்ட் பாக்கி கட்ட வேண்டி வந்தால், பார்க்கும் விலையை ஐம்பதாயிரம் இறக்கி ஒத்திகையை மறுபடி தொடங்குங்கள்.