சாரல் நாளில் ஆச்சியும் விளையாடலாம்

செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் வீட்டோடுதான் இருப்போம். வீடியோ கேம் பக்கமே வராத ஆச்சியையும் அத்தையையும் அப்போது விளையாட வைக்க, 2006இல் வந்த நிண்டெண்டோ வீ போல உடலசைவில் இயங்கும் கருவி அருமையானது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங்கில் தொடங்குங்கள். கையில் பிடிக்கும் ரிமோட்டின் பட்டனை அழுத்தியபடி கையை வீசி, பட்டனை மட்டும் விட்டால் போதும்; பந்து உருண்டுவிடும். எந்தப் பட்டன் எதற்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பெரியவர்களுக்குப் பிடித்துப்போவது அதனால்தான். நாற்காலியில் உட்கார்ந்தும் ஆடலாம்.

ரிமோட்டின் வாரை மணிக்கட்டில் மாட்டுவது கட்டாயம். திரையில் சுட்டும் கை தடுமாறுகிறதா? டிவி பக்கத்தில் எரியும் குத்துவிளக்கைத் தள்ளி வையுங்கள். ரிமோட் முனையில் உள்ள கேமரா அகச்சிவப்பு ஒளியைத்தான் தேடுகிறது. தீபச்சுடரிலும் அது உண்டு. ஜன்னல் வெயிலுக்கும் திரைச்சீலை போட்டுவிடுங்கள்.