ஹெட்போன் வாங்க முதல் வீட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்

"டீச்சர், பிள்ளைக்கு சூம் வகுப்புக்கு ஹெட்போன் வேணும். சத்தத்தை அடைக்கிற புளூடூத் வாங்கவா, சாதாரண வயர் போதுமா?" உயர்தர வகுப்பு தொடங்கியதும் பெற்றோர் என்னிடம் இப்படிக் கேட்பார்கள். நான் திருகோணமலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். விலையைப் பற்றிப் பேச முதல் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் என்ன சத்தம்?

காரணம் இருக்கிறது. சத்தத்தை அடைக்கிற, அதாவது நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனில் உள்ள சின்ன மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கும். உள்ளிருக்கும் சில்லு (சிப்) அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் அனுப்பும். ஒரு அலையின் முடி, அதாவது மேடு, மற்றதன் தாழியை, அதாவது பள்ளத்தை, சந்தித்து இரண்டும் அழியும். இது நடக்க நேரம் சரியாகப் பொருந்த வேண்டும். 100 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 100 தடவை அதிரும் உறுமலில் ஒரு அலை முடிய 10 மில்லி செக்கன் ஆகும். சில்லு கொஞ்சம் பிந்தினாலும் பாதகமில்லை. 3000 ஹேர்ட்ஸ் சத்தத்தில் அது மூன்றில் ஒரு மில்லி செக்கன்தான். அங்கே சிறு பிந்தலும் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் தாழ்ந்த மீடிறனில் (குறைந்த ஹேர்ட்ஸில்) ஒரே சீராக ஓடும் சத்தங்களை இந்த ஹெட்போன் நன்றாக அழிக்கும்: பஸ் என்ஜின், ஃபேன், ஏசி, ஜெனரேட்டர். காகம், ஓட்டோ ஹோர்ன், பாத்திரம் விழுவது, பக்கத்து அறைப் பேச்சு எல்லாம் குறைந்து கேட்குமே தவிர மறையாது.

பிள்ளை படிக்கும் இடத்தில், படிக்கும் நேரத்திலேயே கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். கேட்கிற ஒவ்வொரு சத்தமும் உறுமலா, திடீர்ச் சத்தமா என்று பிரியுங்கள். அனுராதபுரச் சந்திப் பக்கம் வீடு என்றால் பெரும்பாலும் ஹோர்ன்தான். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிப் பாட்டு. இவற்றுக்காகப் பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காதுக்குள் இறுக்கமாக உட்காரும் சிலிக்கன் ரப்பர் வைத்த வயர் இயர்போன் அந்த உயர்ந்த மீடிறன் சத்தங்களைத் தானாகவே நன்றாகத் தடுக்கும். கடைக்கு ஜெனரேட்டர் போட்டு அதன் பக்கத்திலேயே கணக்கு எழுதுபவர் என்றால் கதை வேறு. அவருக்கு நாய்ஸ் கேன்சலிங் உண்மையிலேயே உதவும்.

சூம் வகுப்புக்கு நான் வயரைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புளூடூத் ஹெட்போனின் மைக்கைத் திறந்ததும் பல ஹெட்போன்கள் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். பிள்ளை பேசும் குரல் மட்டுமல்ல, பிள்ளைக்குக் கேட்கும் குரலும் தரம் இறங்கிவிடும். வயரில் இந்தத் தொல்லை இல்லை, பாதி வகுப்பில் சார்ஜ் இறங்கும் பயமும் இல்லை.

சரி, வயர் என்று முடிவெடுத்தால் போனையும் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்ச் சாமான்தானே என்று அவசரப்பட வேண்டாம். முதலில் பிளக்கைப் பாருங்கள். உலோகத்தில் மூன்று வளையக் கோடுகள் இருந்தால் மைக் இணைப்பு உண்டு. இரண்டு என்றால் கேட்க மட்டும்தான். போனில் உருண்டை ஓட்டை இல்லையென்றால் டைப் சி இயர்போனோ கன்வேர்ட்டரோ வேண்டும். சில கன்வேர்ட்டரில் ஒலியை மாற்றும் சில்லு இருக்கும், சிலவற்றில் இருக்காது. சில்லு இல்லாதது எல்லாப் போனிலும் வேலை செய்யாது, ஆகவே உங்கள் போனிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு பாட்டை ஓடவிட்டு, பிளக்குக்குக் கிட்ட வயரை மெல்ல வளையுங்கள். கரகரத்தாலோ ஒரு பக்கம் போனாலோ அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். வயர் பெரும்பாலும் அறுவது அந்த இடத்தில்தான். அப்புறம் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள். பெட்டிக்குள் வரும் மூன்று அளவு ரப்பர்களையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் தளர்வாக இருந்தால் பாட்டின் அடிச்சத்தம் போய்விடும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். ரப்பரே இல்லாமல் காதின் வாசலில் தொங்கும் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

புளூடூத் பக்கம் போகிறவர்கள் ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். மலிவான இயர்பட்ஸ் பெட்டிகளில் "ஈஎன்சி" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நீங்கள் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்குச் சத்தம் குறைவாகக் கேட்பதற்கானது. உங்கள் காதுக்கு அதனால் அமைதி வராது. உங்களுக்கு வேண்டியது "ஏஎன்சி", மேலே சொன்ன நாய்ஸ் கேன்சலிங் அதுதான். கடையில் அதைப் போட்டு, பாட்டு ஒன்றும் இல்லாமல், ஃபேனுக்குக் கீழே நின்று ஏஎன்சியை இயக்கியும் நிறுத்தியும் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள். காதை முழுதாக மூடும் பஞ்சுப் பட்டை கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் வேர்த்து ஒழுகும், பட்டையின் மேல்தோல் உரியும். மாற்றுப் பட்டை கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரையில் காற்று மைக்கில் அடித்தால் அதுவே இரைச்சலாகக் கேட்கும், அங்கே ஏஎன்சியை நிறுத்திவிடுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போனால் பற்றரி கெடும். எப்படியும் சில வருடங்களில் பற்றரி தளரும், சின்ன இயர்பட்ஸில் அதை மாற்றுவது பெரும்பாடு. பெரிய ஹெட்போன் வாங்கினால் வயர் செருகும் ஓட்டையும் உள்ளதாக வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் பற்றரி போனாலும் வயரில் பாட்டுக் கேட்கலாம்.

நாய்ஸ் கேன்சலிங் வாங்கத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது ஒரு கூட்டத்தாரிடம்: கொழும்புக்கும் பேராதனைக்கும் அடிக்கடி இரவு பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள். என்ஜின் உறுமலுக்கு மேலாகப் பாட்டுக் கேட்க அவர்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம். கொழும்புக்கு ஒரு தடவை போகவே ஆறேழு மணி நேரம் ஆகிறது. உறுமல் அழிந்தால் குறைந்த ஒலியிலேயே பாட்டுக் கேட்கும். காதுக்குள் கெட்டுப்போன கேட்கும் கலங்கள் திரும்ப வளராது, பிள்ளைகளே. பஸ்ஸை விட்டு இறங்கி வீதியைக் கடக்க முதல் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போடுங்கள்.

எதை வாங்கினாலும் பில்லையும் உத்தரவாத அட்டையையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள். வயரைப் போனில் இறுக்கிச் சுற்றாமல் தளர்வாகச் சுருட்டுங்கள். உப்புக் காற்றில் பிளக் மங்கினால், போனிலிருந்து கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள்.