"40 கிராம்தானே போட்டேன்!": பீர் கசப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் முனிக்கில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தம்பி ஒருவர், தானே காய்ச்சிய பீர் என்று ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு மிடறுதான். வேப்பங்கொழுந்தை மென்றது போல நாக்கு சுருண்டது. "அண்ணா, ரெசிபில இருந்த மாதிரி 40 கிராம்தானே போட்டேன்" என்றார். எட்டு வருடம் முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவுங்கள், சூடு ஆறாமல் ஈஸ்ட்டைக் கொட்டாதீர்கள் என்பதை எல்லாம் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். இங்கே கசப்பு மட்டும். அதைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ; தம்பி போட்ட 40 கிராமும் அதுதான்.

கிராமை நம்புவது

முனிக்கிலிருந்து வடக்கே நியூரம்பெர்க் போகும் சாலையில் ஹாலர்டாவ் வட்டாரம் வரும். ஏழு மீட்டர் உயரக் கம்பிகளில் ஹாப்ஸ் கொடி ஏறி நிற்கும். அதன் பெண் பூவைப் பிய்த்துப் பார்த்தால் இதழின் அடியில் மஞ்சள் பொடி இருக்கும், விரலில் தேய்த்தால் பிசினாக ஒட்டும். அதுதான் லூபுலின். கசப்புக்கு ஆதாரமான ஆல்ஃபா அமிலங்கள் (ஹியூமுலோனும் அதன் உறவுகளும்) அதற்குள்தான் இருக்கின்றன.

இந்த அமிலம் அப்படியே சரியாகக் கரையாது, பெரிதாகக் கசக்கவும் செய்யாது. வோர்ட்டில், அதாவது மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றில், கிடந்து கொதிக்கும்போது மூலக்கூறின் ஆறு கார்பன் வளையம் ஐந்தாகச் சுருங்கி ஐசோ ஆல்ஃபா அமிலமாகிறது. கரைவதும் கசப்பதும் அதுதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் சுமார் ஒரு ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு).

ஆக, ரெசிபியில் "40 கிராம்" என்பது அரைகுறைச் செய்தி. எத்தனை சதவீதம் ஆல்ஃபா என்பதுதான் மீதி. செக் நாட்டு சாஸ் ஹாப்ஸில் அது 3.5 சதவீத அளவில் இருக்கும். ஜெர்மன் மேக்னமில் 13 இருக்கும். கடையில் சாஸ் தீர்ந்துவிட்டது, மேக்னம் கிடைத்தது, இரண்டும் ஹாப்ஸ்தானே என்று அதே 40 கிராமைப் போட்டார் தம்பி. நானும் அன்று அதையேதான் செய்தேன்.

கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர், ஒரு மணி நேரக் கொதி. அந்த நேரத்தில் ஆல்ஃபாவில் ஏறக்குறைய 23 சதவீதம்தான் பீரில் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்வோம். 40 கிராம் சாஸில் 1,400 மில்லிகிராம் ஆல்ஃபா. அதில் 322 தேறும், லிட்டருக்கு 16. மேக்னமில் 5,200 மில்லிகிராம், தேறுவது 1,196, லிட்டருக்கு 60. லேசான லாகர் குடிக்க ஆசைப்பட்டவருக்கு நாலு மடங்கு கசப்பு.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், தம்பி நகைக்கடை மாதிரி 0.1 கிராம் துல்லியத்தில் தராசு வாங்கி வைத்திருக்கிறார். பாக்கெட்டின் முன்பக்கம் பெரிதாக அச்சிட்ட 13-ஐ மட்டும் பார்க்கவில்லை! என் விஷயத்தில் ஐந்து வாரம் காத்திருந்து, 40 பாட்டிலையும் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தோம். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு பெருக்கலும் வகுத்தலும். ரெசிபி கிராமை ரெசிபி சதவீதத்தால் பெருக்கி, உங்கள் கையில் இருக்கும் ஹாப்ஸின் சதவீதத்தால் வகுங்கள். 40 × 3.5 ÷ 13, கிட்டத்தட்ட 11 கிராம். ஒரே ரகத்திலும் இந்த எண் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். சரி, இது கசப்புக்காகத் தொடக்கத்தில் போடும் ஹாப்ஸுக்கு மட்டும். கடைசி நிமிடத்தில் வாசனைக்குப் போடுவதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

திறந்த பாக்கெட்டை அலமாரியில் வைப்பது

அச்சிட்ட சதவீதம் சோதனை செய்த அன்றைக்கு உரியது. காற்று பட்டால் ஆல்ஃபா ஆக்சிஜனேற்றமாகிக் குறையும். மேக்னம் ஓரளவு தாங்கும். கஸ்கேட் என்ற ரகம் 20 டிகிரியில் ஆறு மாதம் கிடந்தால் ஏறக்குறைய பாதி போய்விடும். முகர்ந்தால் பழைய சீஸ் வாடை வரும். காற்றை நீக்கி ஒட்டி, ஃப்ரீசரில் போடுங்கள்.

பீட்டா அமிலத்தையும் கூட்டிக்கொள்வது

ஹாப்ஸில் ஆல்ஃபாவோடு பீட்டா என்ற இன்னொரு அமிலமும் இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கொதியில் அது ஐசோவாக மாறாது.

அடுப்பைக் குறைத்துவிட்டு நேரத்தை மட்டும் பார்ப்பது

90 டிகிரியில் இந்த மாற்றத்தின் வேகம் 100 டிகிரியில் இருப்பதில் பாதிகூட இல்லை. "ஒரு மணி நேரம் அடுப்பில் இருந்தது" என்பது வேறு, ஒரு மணி நேரம் கொதித்தது என்பது வேறு. வோர்ட் கெட்டியாக இருந்தால் தேறும் அளவு இன்னும் குறையும்.

நிறமில்லாத பாட்டில், ஜன்னலோரம்

வெளிச்சம் பட்டால் பீரில் உள்ள ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) அந்த ஆற்றலை வாங்கி ஐசோ ஆல்ஃபாவின் ஒரு கிளையை உடைத்துவிடும். உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்தால் ஸ்கங்க் விலங்கின் நாற்றம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பச்சை பாட்டில் அழகுக்குத்தான். பழுப்பு வாங்குங்கள்.

வைத்திருந்தால் கசப்பு அடங்கிவிடும் என்று காத்திருப்பது

அடங்கும்தான். அதற்குள் பீர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். தம்பியிடம் 38 பாட்டில் மிச்சம் இருக்கிறது. கசப்புக் குறைந்த கோதுமை பீரோடு பாதிக்குப் பாதி கலந்து குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.