டார்வின், லமார்க், ஒட்டகச்சிவிங்கி: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் வரலாறு எழுத வரும் புதியவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ஆண்டு மாறுவது, பெயரில் எழுத்து விழுவதெல்லாம் தேடிப் பார்த்தால் சரியாகிவிடும், விட்டுவிடுகிறேன். கீழே சொல்லும் தவறுகள் நானும் ஒருகாலத்தில் எழுதித் தள்ளியவைதான். அதனாலோ என்னவோ, பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள்

பரிணாமம் பற்றி எழுதினால் இரண்டு பகுதியாக ஒரு படம் போடுவார்கள். இடப்பக்கம், டார்வினுக்கு முந்தைய பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க்: எட்டி எட்டி இலை தின்று கழுத்து நீண்டது. வலப்பக்கம் டார்வின்: கழுத்து நீண்டவை மட்டும் பிழைத்தன. இடது தப்பு, வலது சரி. அண்மையில் வந்த கட்டுரையிலும் இதே படம். "பயன்படுத்திய உறுப்பு வளரும், அந்த வளர்ச்சி பிள்ளைக்கும் போகும்னு டார்வின் நம்பினாரா?" என்று எழுதிய தம்பியிடம் கேட்டேன். "சேச்சே, அது லமார்க் சார்" என்றார்.

டார்வினும் நம்பினார். வீட்டு வாத்தின் சிறகெலும்பு காட்டு வாத்தினதைவிட இலேசாக இருப்பதற்கு, அது பறப்பது குறைவு, நடப்பது அதிகம் என்று 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தன் 1859 நூலிலேயே காரணம் சொல்கிறார். 1868-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: உடலின் ஒவ்வொரு பகுதியும் 'ஜெம்யூல்' என்ற நுண்துகள்களை உதிர்க்கிறது, அவை இனப்பெருக்க உறுப்புகளில் சேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்றார். டார்வினின் உறவினரான கால்டன், அந்தத் துகள்கள் இரத்தத்தில் ஓடுகின்றனவா என்று சோதிக்க முயல்களுக்கு வேறு வகை முயலின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். குட்டிகளில் மாற்றமே இல்லை. 1871-இல் அதை வெளியிட்டதும், நான் இரத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லையே என்று டார்வின் பதில் போட்டார்!

பொருத்தமானவை பிழைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வுக்கு டார்வினிடம் விளக்கம் இருந்தது, பண்புகள் பிள்ளைக்குப் போகும் மரபுக்கு நிலைத்து நிற்கும் விளக்கம் இல்லை. பெற்றோரின் பண்புகள் பிள்ளையிடம் கலந்துவிடும் என்றே அன்று பலரும் நினைத்தார்கள். அப்படியென்றால் அபூர்வமாகத் தோன்றும் நல்ல மாறுபாடு, குடத்துத் தண்ணீரில் விட்ட ஒரு கரண்டிப் பால்போலக் கரைந்துபோகாதா? 1867-இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் மடக்கியது இந்த இடத்தில்தான். படத்தில் 'சரி' போட்டதும் இந்த ஓட்டை மறைந்துவிடுகிறது. பிறகு, பண்புகள் கலந்து கரையாமல் தனித்தனியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று காட்டிய மெண்டலின் பட்டாணிச் சோதனை எதற்கு வருகிறது என்றே வாசகருக்குப் புரியாது. தம்பியின் கட்டுரையிலும் பட்டாணி அந்தரத்தில்தான் தொங்கியது.

கலாபகோஸ் குருவிகள்

கலாபகோஸ் தீவுகளில் குருவிகளைப் பார்த்ததுமே டார்வினுக்குப் பரிணாமம் புரிந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். 1835-இல் தீவில் ஞானோதயம் எதுவும் வரவில்லை. அவை ஃபிஞ்ச் இனங்கள் என்று 1837-இல் லண்டனில் பிரித்துச் சொன்னவர் பறவையியலாளர் ஜான் கூல்ட்.

வைஸ்மனின் எலிகள்

ஜெர்மானிய உயிரியலாளர் வைஸ்மன் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார், குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. அந்தச் சோதனையோடு லமார்க் கதை முடிந்ததாக எழுதுகிறார்கள். லமார்க் பேசியது பழக்கத்தால் வரும் மாற்றத்தை. கத்தியால் வரும் ஊனத்தை அல்ல.

டார்வின் பிரிக்காமல் வைத்திருந்த மெண்டல் கட்டுரை

கட்டுக்கதை. அவர் நூலகத்தில் அப்படியொரு பிரதியே இல்லை.