கேம் பாத்திரம் மனதில் ஒட்ட வேண்டுமா? ஒலியில் இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒரு பாத்திரம் சாகும்போது ஆடுபவர் கலங்க வேண்டும் என்று நினைக்கும் பலர், அந்தச் சாவுக் காட்சிக்கு மட்டும் உருக்கமான இசையைத் தேடுகிறார்கள். பெரிய தவறே இதுதான். அந்தக் கலக்கத்துக்கான வேலை பல மணி நேரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 கேமில் பாத்திரங்கள் வாய் திறந்து பேசுவதில்லை, வசனமெல்லாம் எழுத்தில்தான். பூ விற்கும் ஏரித்துக்கு நோபுவோ உவேமாட்சு ஒரு மெட்டுப் போட்டார். அவள் பூ வளர்க்கும் தேவாலயத்திலேயே அந்த மெட்டின் இன்னொரு வடிவம் நம் காதில் விழுந்துவிடுகிறது. பின்னால் அவள் கொல்லப்பட்டதும் உடனே ஒரு சண்டை. வழக்கமான சண்டை இசை அங்கே வராது, அவளுடைய மெட்டே தொடர்ந்து ஓடும். விரல் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும், மனசு அவளிடமே நிற்கும். அங்கே பறையும் எக்காளமும் முழங்கியிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும்.

அடுத்தது, அமைதியைக் கண்டு பயந்து ஒவ்வொரு நிமிடத்தையும் இசையால் நிரப்புவது. 2005இல் வந்த ஷேடோ ஆஃப் த கொலோசஸில், வெட்டவெளியில் குதிரையில் போகும்போது பெரும்பாலும் குளம்புச் சத்தமும் காற்றும்தான். ஒரு பட்டனை அழுத்தினால் நாயகன் "அக்ரோ!" என்று குதிரையைக் கூப்பிடுவான். உண்மையில் கூப்பிடுவது நாம்தானே! பின்னணி இசை அலறிக்கொண்டிருந்தால் அந்த உறவு வளர இடமே இருந்திருக்காது.

ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விடாதீர்கள். கூட வரும் தோழன் பத்தாவது முறையும் அதே தொனியில் "பார்த்துப் போ" என்றால், அவன் மேல் இருந்த பாசம் எரிச்சலாகிவிடும். நாலைந்து விதமாகப் பதிவு செய்யுங்கள். சில நேரம் வெறும் மூச்சு வாங்கும் சத்தமே போதும்.

குரல் நடிகருக்குப் பணம் இல்லையே என்று ஒலியையே கைவிடுவதும் தவறு. 2015இல் வந்த அண்டர்டேலில் பேசும் குரல் இல்லாமலே, எழுத்து திரையில் ஓடும்போது வரும் சின்னச் சத்தம் முக்கியப் பாத்திரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள். 2017இல் வந்த ஹெல்பிளேடில் நாயகி செனுவாவின் தலைக்குள் கேட்கும் குரல்கள் இரு காதுக்கும் தனித்தனியாகப் பதிவானவை. ஹெட்போனில் அவை நம் பிடரிக்குப் பின்னாலேயே முணுமுணுக்கும், அவள் தவிப்பு நம்முடையதாகும். ஸ்பீக்கரில் அந்த நெருக்கம் கிடைக்காது. அதனால்தான் ஹெட்போன் போட்டு ஆடச் சொல்லித் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறார்கள்.