சிங்கப்பூர் – நியூயார்க்: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

ஒரு தாள், பேனா, போனில் உள்ள கால்குலேட்டர். இவ்வளவு போதும்.

படி 1: இடத்தின் எண்கள்
கூகுள் மேப்பில் சாங்கி விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். 1.36, 103.99 என்பதுபோல இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. நியூயார்க்கின் ஜேஎஃப்கே நிலையத்துக்கு 40.64, -73.78. கழித்தல் குறி இருந்தால் மேற்கு.

படி 2: தூரம்
ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. அதனால் கழித்தல் குறியை விட்டுவிட்டுத் தீர்க்கரேகைகளைக் கூட்டுங்கள்: 177.77. இது 180-ஐ ஒட்டி வந்தால் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட வட துருவத்துக்கு நேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கின்றன என்று அர்த்தம். சுவரில் மாட்டிய வரைபடத்தை நம்பினால் பசிபிக் கடலின் குறுக்கே கோடு போடத் தோன்றும். பிள்ளைகளின் குளோப் வீட்டில் இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வழுக்கிக்கொண்டு துருவத்துக்கு ஏறிவிடும்.

ஆக, சாங்கியிலிருந்து துருவம் 90 – 1.36 = 88.64 டிகிரி. துருவத்திலிருந்து ஜேஎஃப்கே 90 – 40.64 = 49.36. மொத்தம் 138. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ., அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111. பெருக்கினால் சுமார் 15,300 கி.மீ.

இந்தக் குறுக்குவழி எல்லா ஊர்களுக்கும் பலிக்காது. கூட்டுத்தொகை 180-ஐ ஒட்டி வராவிட்டால் மேப்பில் உள்ள தூரம் அளக்கும் வசதியே நல்லது.

படி 3: பறக்கும் நேரம்
பெரிய ஜெட் விமானத்துக்கு மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,300-க்கு 17 மணி நேரம். ஓடுபாதை, ஏற்றம், இறக்கத்துக்கு அரை மணி. ஆனால் அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல் இருக்கும். ஏனென்றால் விமானம் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளட்டும் என்று சுற்றிப் போவதுண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் பக்கத்து நெவார்க்குக்கு இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சொன்ன தூரமே சுமார் 16,700 கி.மீ.

படி 4: இறங்கும் நேரம்
கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. ஜூலையில் மதியம் 12 மணிக்குக் கிளம்பினால் 18½ மணி நேரத்தைக் கூட்டி 12-ஐக் கழியுங்கள்: அதே நாள் மாலை 6.30.

திரும்பும்போதுதான் தலை சுற்றும். திங்கள் இரவு 10 மணிக்கு ஏறினால் புதன் விடிகாலை 4.30-க்குச் சாங்கி. நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல் செவ்வாய் இரவுக்கு அறை போட்டுவிட்டேன். அந்த இரவு முழுக்க நான் ஆகாயத்தில் இருந்தேன். அறை வாடகை மட்டும் ஒழுங்காகப் பிடித்தார்கள்.