டிசம்பர் மழையில் வீட்டு முகப்புக்குக் கிறிஸ்துமஸ் விளக்கு கட்டும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி நிறைவடைந்த கையோடு, தெருவுக்குத் தெரு வீட்டு முகப்புகளில் நட்சத்திரங்கள் ஏறத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை எஞ்சி நிற்பதும் அதே நாட்களில்தான். பனி விழும் நாடுகளில் சரிந்த கூரையின் ஓரத்தில் கிளிப் மாட்டி விளக்குத் தொங்கவிடும் முறையைக் காணொளிகளில் பார்த்துவிட்டு, அதை அப்படியே நம் மொட்டைமாடி வீட்டில் செய்துபார்க்க முயல்வோர் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள்: கிளிப் மாட்ட ஓரம் இருக்காது, மாட்டிய பிறகு பெய்யும் மழைக்கு இணைப்புகள் தாங்காது. ஆகவே, முதன்முறையாகத் தம் கையாலேயே விளக்கு கட்ட விரும்புவோருக்காக, நம் வீட்டமைப்புக்கும் நம் மழைக்கும் பொருந்தும் முறையை இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு டிசம்பர் 24 இரவு, நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படும் நேரத்தில் பெய்த ஒரு தூறலில் எங்கள் வீடு முழுவதும் இருண்டுபோனது. கேட்டின் அருகே பூந்தொட்டிக்குப் பின்னால், டேப் மட்டும் சுற்றித் தரையில் கிடத்தியிருந்த ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் கசிவுத் தடுப்பான் மெயின் பெட்டியிலிருந்து தன் வேலையைச் செய்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றிலிருந்து விளக்கின் அழகைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு இணைப்புகளைப் பற்றி யோசிக்கிறேன்.

முதலில் பகலில் பாருங்கள், அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் மேல்விளிம்பு, சன்ஷேடின் ஓரம், பால்கனிக் கம்பி, கேட்டின் தூண்கள் என்று வீட்டுக்கென்று சில கோடுகள் இருக்கும். விளக்கு அந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்தால் வீடு இருட்டில் வரைந்ததுபோல் எழும். கிடைத்த ஆணியிலெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிட்டால் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அது வலையாகத்தான் தெரியும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் கைப்பிடிச்சுவர், ஏதேனும் ஒரு மரம், வாசல் நட்சத்திரம் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றைச் செம்மையாகச் செய்வது நல்லது.

ஒரு தாளில் வீட்டைப் படமாக வரைந்து, ஒவ்வொரு கோட்டின் நீளத்தையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். முகப்பு 30 அடி, இரு பக்கமும் திரும்பும் சுவர் பத்துப் பத்து அடி என்றால் மொத்தம் 50 அடி, அதாவது சற்றேறக்குறைய 15 மீட்டர். மரத்துக்கு வேறு கணக்கு உண்டு. அடிமரத்தின் சுற்றளவு 3 அடி, விளக்குச் சுற்ற வேண்டிய உயரம் 6 அடி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி 4 அங்குலம் என்று கொண்டால், 72 அங்குலத்தை 4-ஆல் வகுத்து 18 சுற்றுகள் வரும். 18-ஐ 3 அடியால் பெருக்கினால் 54 அடி. பத்து மீட்டர் செட் ஒன்று ஏறத்தாழ 33 அடிதான் என்பதால், அந்த மரத்துக்கு இரண்டு செட் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குவோருக்குப் பெரும்பாலும் பாதி மரத்தில் விளக்கு தீர்ந்துபோகும். மறுபடி கடைக்குப் போகும்போது அதே நிறம் கிடைக்காது.

கடைசியாக, வெளியே மின்சாரம் எடுக்கக்கூடிய பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்பதையும், மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் வீட்டின் எந்த மூலையில் இறங்குகிறது என்பதையும் அதே படத்தில் குறித்துவிடுங்கள். சர்வீஸ் ஒயர் இறங்கும் மூலையில் எந்த அலங்காரமும் வேண்டாம்.

எதை வாங்குவது

விளக்குப் பெட்டியின் மேல் ஐபி என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். அதன் இரண்டாவது இலக்கம் தண்ணீரைத் தாங்கும் திறனைச் சொல்கிறது. ஐபி20 என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, வீட்டுக்குள் மட்டுமே பயன்படும். ஐபி44 எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபி65 பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும். கூரையில்லாத இடத்துக்கு ஐபி65 வாங்குவதே சரி. எண்ணே அச்சிடப்படாத மலிவான சீரியல் செட்டைச் சன்ஷேடுக்குக் கீழே, சாரல் படாத இடத்தில் மட்டும் கட்டுங்கள்.

நிறத்தில் என் தெரிவு வார்ம் ஒயிட். பெட்டியில் 2700 கெல்வின் அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். விளக்கேற்றிய வீட்டின் மஞ்சள் ஒளியை அது நினைவூட்டும். 6500 கெல்வின் வெள்ளை நீலம் பாய்ந்து டியூப் லைட் போலத் தெரியும். இரண்டையும் ஒரே சுவரில் கலக்க வேண்டாம். சிவப்பு, பச்சை வேண்டுமென்றால் மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

விளக்குகளுடன் சேர்த்து நைலான் கயிறு, கேபிள் டை, நல்ல இன்சுலேஷன் டேப், டெஸ்டர், மூன்று முள் பிளக் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி, மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீரியல் செட்டை அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு சிறு எல்இடிக்கு 2 அல்லது 3 வோல்ட் போதும் என்பதால், சீரியல் செட்டைத் தொட்டால் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் பலரிடமும் இருக்கிறது. அது உயிரைப் பறிக்கக்கூடிய எண்ணம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண செட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பல எல்இடிகளையும் ஒரு ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 230 வோல்ட் மின்சாரத்தை அந்த வரிசை முழுவதும் பகிர்ந்துகொள்ளும்படி விடுகிறார்கள். விளக்கின் இரு கால்களுக்கிடையே 3 வோல்ட்தான் இருக்கும்; ஆனால் ஈரத்தரையில் நிற்கும் உங்களுக்கும் அந்தக் காலுக்கும் இடையே 230 வோல்ட் வரை இருக்கலாம். இரண்டு முள் பிளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம் என்பதால், விளக்கு எரியாமல் இருக்கும்போதுகூட கம்பியில் மின்சாரம் நிற்க வாய்ப்புண்டு. எனவே விளக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டே தொடுங்கள்.

ஒரு விளக்கின் கால் முறிந்தால் அது இருக்கும் வரிசை மட்டும் அணைந்து மற்றவை எரிவதும் இதே அமைப்பினால்தான். வாங்கி வந்த ஒவ்வொரு செட்டையும் தரையில் நீளமாகப் பரப்பி, ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். சுருளாக வைத்து எரியவிடாதீர்கள். குறிப்பாக ஸ்ட்ரிப் லைட் எனப்படும் நீண்ட பட்டை விளக்கை உருளையோடு எரியவிட்டால் சூடேறி உருகிவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரை விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டு, வெட்டோ செம்பு தெரியும் இடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மெயின் பெட்டியைச் சோதியுங்கள்

எம்சிபி இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். எம்சிபி அளவுக்கு மீறிய மின்னோட்டத்திலிருந்து ஒயரைக் காக்கும். மனிதரைக் காப்பது ஆர்சிசிபி என்னும் கசிவுத் தடுப்பான். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, டி என்ற எழுத்துள்ள பொத்தானை அழுத்துங்கள். உடனே வீட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அது நன்றாக இருக்கிறது. துண்டிக்கப்படவில்லை என்றாலோ, அப்படியொரு கருவியே இல்லை என்றாலோ, எலக்ட்ரீஷியனை அழைத்துப் பொருத்திவிட்டு அதன் பிறகு விளக்கு கட்டுங்கள்.

மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே சொன்ன வீட்டில் கைப்பிடிச்சுவருக்கு மீட்டருக்கு 8 வாட் வீதம் 16 மீட்டர் ஸ்ட்ரிப், தலா 10 வாட்டில் 5 சீரியல் செட், நட்சத்திரத்துக்கு 9 வாட் பல்பு என்று வைத்தால் மொத்தம் 187 வாட். நாளுக்கு 5 மணி நேரம் வீதம் 28 நாட்களுக்கு ஏறத்தாழ 26 யூனிட் ஆகும். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் சீரியல் செட்டின் ஒயர் மெல்லியது. ஒன்றின் வாலில் இன்னொன்று, அதன் வாலில் மற்றொன்று என்று தொடுத்துக்கொண்டே போனால் முதல் செட்டின் ஒயரே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு செட்டையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தனித்தனியாகச் சொருகுங்கள். பிளக் இல்லாமல் ஒயரின் முனையைச் சீவி, தீக்குச்சியை வைத்துச் சொருகும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

கட்டும் வேலை

மழை ஓய்ந்து தரை காய்ந்த ஒரு காலைப்பொழுதில், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏணியின் அடிப்பகுதி, சாயும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். 12 அடி உயரத்தில் சாய்த்தால் 3 அடி தள்ளி. சர்வீஸ் ஒயர் இருக்கும் பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே வேண்டாம். ஓட்டு வீடாக இருந்தால் ஓட்டின் மேல் ஏறாமல், ஓட்டுக்குக் கீழே நீண்டிருக்கும் மரச்சட்டங்களில் ஏணியில் நின்றபடியே கட்டலாம்.

கைப்பிடிச்சுவரில் நேரடியாக விளக்கை இழுத்துக் கட்டாதீர்கள். முதலில் நைலான் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விறைப்பாகக் கட்டிவிட்டு, பிறகு விளக்கை அந்தக் கயிற்றோடு முழத்துக்கு ஒரு கேபிள் டை போட்டுச் சேர்த்துவிடுங்கள். காற்றடிக்கும்போது இழுவையைக் கயிறு வாங்கிக்கொள்ளும். ஒயர் தொய்வாகவே இருக்கும். கட்டுக்கம்பியை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அது ஒயரின் உறையை அறுக்கும். அறுத்த இடத்தில் மின்சாரத்தைச் சுவர் நீளத்துக்கும் கடத்தும். ஸ்ட்ரிப் லைட்டை, குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டி, வெட்டிய முனையில் மூடி மாட்டிச் சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள். திறந்திருக்கும் அந்த முனையில் 230 வோல்ட் இருக்கிறது.

மரத்தைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். பிளக் முனை கீழே இருக்க வேண்டும் என்பதால், தொடக்கத்திலேயே அதை ஒரு கேபிள் டையால் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் நிறுத்திவிடுங்கள். அடிமரத்தில் ஆணி அடிக்கவோ இறுக்கிக் கட்டவோ வேண்டியதில்லை. சுற்றுகளே ஒன்றையொன்று தாங்கும்.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கில் சீவலைக் கட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டிச் செய்யும் நட்சத்திரத்தில் முன்பு 40 வாட், 60 வாட் குண்டு பல்பு போட்டுத் தாள் கருகிப்போனதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். இப்போது 9 வாட் எல்இடி போதும், சூடும் மிகக் குறைவு. பல்பு ஹோல்டர் நட்சத்திரத்தின் மையத்தில் தாளைத் தொடாமல் நிற்க வேண்டும். நட்சத்திரத்தின் பாரத்தை ஒயர் சுமக்காமல், தனியாக ஒரு கயிறு சுமக்க வேண்டும்.

தண்ணீரை வெளியே நிறுத்துவது

இணைப்புப் பெட்டி ஒருபோதும் தரையில் கிடக்கக்கூடாது. சன்ஷேடின் கீழே, மார்பு உயரத்தில் தொங்கவிடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தில் ஒயர் நுழையும் அளவுக்கு ஓர் ஓரத்தை வெட்டி, எக்ஸ்டென்ஷன் பெட்டியை உள்ளே வைத்து மூடுங்கள். அடியில் உள்ள அந்தத் திறப்பை டேப்பால் அடைக்க வேண்டாம். பாலித்தீன் பையால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்து, மழையில்லாமலே ஈரம் சேரும். ஒவ்வொரு ஒயரையும் டப்பாவுக்கு ஓர் அடி கீழே வளைவாக இறக்கி, பிறகு மேலேற்றி உள்ளே நுழையுங்கள். ஒயர் வழியே ஓடிவரும் மழைத்துளி அந்த வளைவின் அடியில் சேர்ந்து சொட்டிவிடும், மேலேறிப் பெட்டிக்குள் போகாது. என் வீட்டில் பெரிய மழையின்போது டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்: வளைவின் நுனியில் துளி துளியாகச் சொட்டிக்கொண்டிருக்க, ஒரு சாண் மேலே பிளக் உலர்ந்திருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒயரை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்தால், கதவு நசுக்காத இடமாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எரியவிட்ட பிறகு

முதல் நாள் இருட்டியதும் மீண்டும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். எங்கே கோடு தொய்ந்திருக்கிறது, எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். கன்ட்ரோலர் இருந்தால் படபடவென்று மின்னும் நிலையைத் தவிர்த்து, நிலையாக எரியும் நிலையில் வையுங்கள். எதிர்வீட்டுப் படுக்கையறையில் தூங்க முயலும் குழந்தைக்கும் முதியவருக்கும் நாம் காட்டும் மரியாதை அது. டைமர் பிளக் ஒன்றைப் பொருத்தி, மாலை 6 முதல் இரவு 11 வரை என்று வைத்துவிட்டால் மறதிக்கும் இடமில்லை.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வெயிலில் விட்டுவைத்தால் ஒயர் உறை வெடித்து, அடுத்த ஆண்டு ஆபத்தாகும். கேபிள் டைகளை வெட்டும்போது ஒயரைச் சேர்த்து வெட்டாமல், கயிற்றுப் பக்கமாக வெட்டுங்கள். ஒவ்வொரு செட்டையும் துடைத்து உலர்த்தி, ஓர் அட்டைத்துண்டில் சுற்றி, "கைப்பிடிச்சுவர்", "மாமரம், கீழ்ப்பாதி" என்று எழுதி ஒட்டி, எலி நுழையாத டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். அளவு எழுதிய அந்த வீட்டுப் படத்தையும் அதே டப்பாவில் மேலாக வைத்துவிடுங்கள்.